வழிநூலில் மூன்று வில்லைகள்

செப்ரெம்பர் 18, வியாழன்.

இன்றைய பிழை: மாலை எழுத்து வகுப்புக்குக் காரில் போகையில் நெடுஞ்சாலையிலிருந்து வோபர்னுக்கு இறங்க வேண்டிய இடத்தைத் தவறவிட்டு, பிக்கரிங் வரை ஓடிப்போய்த் திரும்பி வந்தேன். நாட்குறிப்பை அன்று விட்ட ஒரு சின்னப் பிழையோடு தொடங்கினால் கை தானாக ஓடும் என்பது அந்த வகுப்பில் எங்கள் மக்டலீன் ரீச்சர் சொல்லித்தந்த முறை. எழுதியதை அவர் வாசிப்பதில்லை, எழுதினோமா என்று மட்டும் கேட்பார். எனக்கு எழுத்து நன்றாக வருகிறதா என்பதில் எப்போதும் சந்தேகம். அதனால் குகை விடயத்தைத் தள்ளிக்கொண்டே வந்தேன். இன்று ஒழுங்காக எழுதிவிடலாம்.

நாங்கள் மூன்று பேர்: வாகீசன், பிரியந்தன், நான். ஸ்காபரோவில் ஒரே பள்ளிக்கூடம். நீரடிக் குகைப் பைத்தியம் முதலில் பிடித்தது வாகீசனுக்குத்தான். தண்ணீர் நிரம்பிய ஒரு பழைய கல்லுக்குழியில் இரண்டு கோடை பயிற்சி எடுத்தோம். இந்தக் கோடை முடிவில் றொக்கி மலைக்குப் போனோம். அங்கே ஓர் ஏரி, அதன் கரையில் சுண்ணாம்புப் பாறை, பாறைக்கு அடியில் தண்ணீர் நிரம்பிய குகை. விமானச் சீட்டு, உடைகள், காற்று உருளைகள் எல்லாம் நான் ஒழுங்குசெய்தேன். வாகீசன் ஒரு பை உறைப்பு மிக்சர் கொண்டுவந்தான். கையுறை கொண்டுவரவில்லை. என்னிடம் ஒரு சோடி மேலதிகமாக இருந்தது.

ஏரி அழகு. சலவைத்தூள் கரைத்த மாதிரி நீலம். வாகீசன் காலை வைத்துவிட்டு, "அம்மாடி, உதுக்குள்ள மீன் எல்லாம் ஜாக்கெற் போட்டுக்கொண்டுதான் திரியும்," என்றான். நாங்கள் வயிறு நோகச் சிரித்தோம்.

குகைக்குள் ஒரு சங்கடம் உண்டு. காலில் மாட்டிய நீச்சல் செட்டை சுவரில் பட்டால் சுண்ணாம்பு மாவு கிளம்பும். பிறகு பால் பானைக்குள் நிற்பது போல, சொந்தக் கையே தெரியாது. ஆகவே குகை வாயிலிருந்து உள்ளே நூல் கட்டிக்கொண்டு போவோம். நூலைப் பிடித்தால் வெளியே வரலாம், நூல் இல்லையென்றால் இல்லை. உள்ளே குகை இரண்டாகப் பிரியும் இடத்தில் ஆளுக்கொரு பிளாஸ்ரிக் அடையாள வில்லையை நூலில் மாட்டுவோம். வாகீசனுக்கு மஞ்சள், பிரியந்தனுக்குச் சிவப்பு, எனக்கு வெள்ளை. திரும்பி வருபவன் தன்னுடையதை மட்டும் கழற்ற வேண்டும். தன் வில்லை மட்டும் மிச்சமிருந்தால் அவன்தான் கடைசி ஆள், அங்கிருந்து வாய் வரைக்கும் நூலைச் சுற்றிக்கொண்டு வரலாம். பிறத்தியாரின் வில்லையைத் தொடக் கூடாது.

ஆனால் பயிற்சிக் காலத்தில் வாகீசன் ஒருநாளும் தன் வில்லையை எடுத்து வந்ததில்லை. "றொய்சன், என்ரையையும் எடுத்துக்கொண்டு வா. நீதானே எங்கட குப்பை வண்டி," என்பான். நான் எடுத்து வருவேன். இது ஒரு பழக்கம்.

அன்று காலை பாணும் முட்டையும் சாப்பிடும்போது வாகீசன் சொன்னான்: "அடுத்த வருசம் மெக்சிகோ. நானும் பிரியந்தனும் மட்டும்."

"உவன் இல்லாட்டி உனக்குக் கையுறையே இல்லை," என்றான் பிரியந்தன்.

"கையுறை வாங்கலாம் மச்சான். உவன்ர பயம் எனக்கும் தொத்துது. பாத்றூம் போறதெண்டாலும் எழுதி வைச்சுத்தான் போறான்."

அதில் கோபப்பட ஒன்றும் இல்லை. சட்டியைக் கழுவி வைத்தேன்.

இடப்பக்கச் சுரங்கம் ஒடுக்கம் என்பதால் வாகீசன் தனியாகப் போனான். பிரியந்தனும் நானும் வலப்பக்கம். கூரையில் தொங்கிய கற்களை அவன் படம் எடுத்துக்கொண்டிருந்தான். என் காற்று மூன்றில் ஒரு பங்கு குறைந்ததும், விதிப்படி நான் திரும்பினேன். குகை பிரியும் இடத்தில் என் வில்லையைக் கழற்றினேன், வாகீசனுடையதையும். வெளியே வந்து வெயிலில் காய்ந்த பாறையில் இருந்து மிக்சர் சாப்பிட்டேன்.

பிரியந்தன் நூல் சுருளோடு எழும்பினான். "எங்கை வாகீசன்?"

"உன்னோட வரேல்லையோ?"

"அவன்ர வில்லை இல்லையேடா. வந்திட்டான் எண்டுதானே நூலைச் சுத்தினனான்."

உடனே மறுபடி இறங்கப் பார்த்தான். அவன் உருளையில் காற்று போதாது என்று பிடித்து நிறுத்தினேன். ஒரு பிணம் இரண்டாகக் கூடாது. நான் செய்தது சரி என்று பொலிஸ்காரரும் சொன்னார்கள். மறுநாள் சுழியோடிகள் அவனை எடுத்துவந்தார்கள். குகை வாய்க்குப் பக்கத்தில்தான் கிடந்திருக்கிறான். நல்ல முயற்சி.

பிரியந்தன் தானாகவே சொன்னான், கலங்கலில் தான் மஞ்சள் வில்லையைக் கவனிக்காமல், நூலைச் சுற்றும்போது தட்டி விழுத்தியிருக்க வேண்டும் என்று. யாரும் என்னிடம் கேட்கவில்லை. நான் அவன் முதுகைத் தடவிக் கொடுத்தேன். அந்த மஞ்சள் வில்லையைக் கல்கரி விமான நிலையத்தில், பிளாஸ்ரிக்குக்கு உரிய தொட்டி எது என்று பார்த்துப் போட்டேன்.

வாசித்துப் பார்த்ததில் ஒன்றைத் திருத்த வேண்டியிருக்கிறது. மேலே பழக்கம் என்று எழுதியிருக்கிறேன். அது அவ்வளவு சரியில்லை. குகை பிரியும் இடத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். இடப்பக்கத்தில் தூரத்தே அவன் விளக்குத் தெரிந்தது. விளக்கால் வட்டம் போட்டான், எல்லாம் சரிதானே என்று கேட்கும் சைகை அது. நானும் வட்டம் போட்டேன், சரிதான் என்று. அவன் நம்பித் திரும்பி இன்னும் உள்ளே போனான். அதன் பிறகுதான் மஞ்சள் வில்லையில் கை வைத்தேன். பிரியந்தன் விதியை இம்மியும் பிசகமாட்டான் என்று தெரியும். அவனைப் பழக்கியவன் நான்.

ஆகவே வாகீசனைக் கொன்றது நான். எழுதினால் சின்ன வாக்கியம்தான்.

பிரியந்தன் பின்னேரம் போன் எடுத்தான். நித்திரை இல்லையாம், சாப்பாடு இறங்கவில்லையாம். "மச்சான், ரதி அன்ரியின்ர காலில விழுந்து கேக்கப்போறன். நீயும் வாறியே? தனியப் போக ஏலாது."

"வாறன்," என்றேன். பாவம், அவனுக்கு இப்போது என்னை விட்டால் ஆள் இல்லை.

நாளை: வேலை முடிந்ததும் பிரியந்தனை ஏற்றிக்கொண்டு ஒஷாவாவில் வாகீசனின் அம்மா ரதி அன்ரி வீட்டுக்குப் போக வேண்டும். அவன் மன்னிப்புக் கேட்கும்போது பக்கத்தில் நிற்க வேண்டும்.