மாப்பிள்ளையின் நோட்டு

என் தங்கையைச் சமாளிப்பது ஒன்றும் கஷ்டமில்லை, ஐயா. ‘சாப்பிட்டியா’ என்று யாராவது கேட்டால் போதும், அவளுக்கு அன்றைய பொழுது நன்றாகப் போய்விடும்.

அந்த வெளிநாட்டு வேலையைப் பற்றிக் கேட்டீர்கள். மூன்றாவது மாடி, கம்பி போட்ட ஜன்னல், ஆளுக்கு ஆறு போன். டைப்பிங் வேலை என்று நம்பிப் போனேன், வாசலிலேயே பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டார்கள். தனியாக இருப்பவர்களிடம் அன்பாகப் பேசிப் பழகி, இல்லாத கிரிப்டோ காசை வாங்க வைப்பதுதான் தொழில். விலை தினமும் ஏறுவதாகச் செயலியில் காட்டுவோம். ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு நோட்டு போடுவோம். முழங்கால் வலி, நாயின் பெயர், எதைச் சொன்னால் சிரிப்பார், எல்லாம் அதில் இருக்கும். நாலு நிமிடத்துக்குள் பதில் போகாவிட்டால், நாங்கள் வாத்தியார் என்று கூப்பிடும் மேற்பார்வையாளர் முட்டி போட வைப்பார். நானும் போட்டிருக்கிறேன். அழுதும் இருக்கிறேன்.

வெளியே வர ஒரே வழிதான். நமக்குப் பதிலாக ஓர் ஆளைக் கொடுக்க வேண்டும். நிதானமாக யோசித்துப் பார்த்தேன். முன்பின் தெரியாதவன் என்னை நம்பி எதற்கு வருவான்? தங்கையின் கணவர் வருவார். லேத் பட்டறையை மூடியதிலிருந்து மாப்பிள்ளை வீட்டில்தான் இருந்தார். நல்ல வேலை இருக்கிறது, வாங்க என்று எழுதினேன்.

“நீங்க இருக்கறப்ப எனக்கென்ன பயம், மச்சான்,” என்று சொல்லிவிட்டு வந்து சேர்ந்தார். தங்கை எனக்காகப் பின்னிய ஸ்வெட்டர் ஒன்றையும் கொண்டுவந்திருந்தார். கேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு என் பையை எடுத்தேன்.

“எங்க கிளம்பிட்டீங்க?”

“டீ குடிச்சிட்டு வந்துடறேன், மாப்ள. உள்ள போய் உக்காருங்க.”

வீட்டுக்கு வந்து, அவருக்குப் போனில் பேச அனுமதி இல்லை என்று தங்கையிடம் சொன்னேன். அது பொய்யில்லை. ஆனால் அவள் சாப்பாட்டைத் தொடவில்லை. என்னால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. புது சிம் ஒன்று வாங்கி, கம்பெனி போன் கிடைத்திருக்கிறது, எழுத மட்டும்தான் முடியும் என்று அவர் பெயரில் அவளுக்கு எழுதினேன். அன்று அவள் இரண்டு தட்டு சாப்பிட்டாள்.

மாப்பிள்ளைக்கும் ஒரு நோட்டு போட்டேன். அவர் நீளமாக எழுத மாட்டார். அவளை ‘மேடம்’ என்று கேலி செய்வார். அவளுடைய குறட்டையைப் பற்றிச் சொன்னால் அவளுக்குக் கோபமும் சிரிப்பும் சேர்ந்து வரும். நான் என் அறையில் எழுதுவேன், அவள் அடுத்த அறையில் சிரிப்பது கேட்கும். நடுவில் ஒரு தடவை சண்டை போட்டு இரண்டு நாள் பேசாமல்கூட இருந்தேன். புருஷன் என்றால் அப்படித்தானே.

எனக்குத்தான் மூச்சு முட்டியது. குளிக்கப் போனாலும் போன் கூட வர வேண்டும். அங்கேயாவது ஞாயிற்றுக்கிழமை லீவு உண்டு.

இன்று அவருக்கு லீவு வாங்கித் தரச் சொல்லி ஸ்டேஷனில் உங்களிடம் மனு கொடுக்க வந்தாள். துணைக்கு என்னையும் கூட்டி வந்தாள். நீங்கள் அவளை வெளியே பெஞ்சில் உட்கார வைத்து, “வீட்டுக்காரருக்கு ஒரு மெசேஜ் போடும்மா,” என்றீர்கள். என் சட்டைப் பையில் போன் அடித்தது. வேறு யாராக இருந்தாலும் அதை வீட்டில் வைத்துவிட்டு வந்திருப்பார்கள். என்னால் முடியவில்லை.

உங்கள் மேசையில் அது மறுபடி அடிக்கிறது, பாருங்கள். ‘அண்ணனை உள்ள ரொம்ப நேரமா விசாரிக்கிறாங்க. பயமா இருக்குங்க.’

மாப்பிள்ளை எங்கே என்று மூன்றாவது தடவையாகக் கேட்கிறீர்கள். அங்கே போன இரண்டாவது மாதமே மொட்டை மாடியிலிருந்து குதித்துச் செத்துப்போனார். வாத்தியார் படம் அனுப்பினார். அது நடந்து எட்டு மாதம் ஆகிறது. கூடப் பிறந்தவளை என் கையால் விதவையாக்க எனக்கு மனம் வரவில்லை, ஐயா. அந்தப் போனைக் கொஞ்சம் கொடுங்கள், பயப்படாதே என்று மட்டும் எழுதிவிடுகிறேன்.