நாலாவது ரோடு

— ஜட்ஜே விடச் சொல்லிட்டாரு. அப்புறமும் எதுக்கு ஐயா அவர உள்ள உக்கார வச்சிருக்கீங்க?

— விட்ருவோம்மா. ஸ்டேஷன்ல எழுதறவர் சாப்பிடப் போயிருக்கார். அவர் வந்து ரெண்டு கையெழுத்து வாங்கினதும் உங்க கண் முன்னாடியே அனுப்பிடறேன். பொறுமையா உக்காருங்க. அந்த நாற்காலி வேணாம், அதுக்கு ஒரு கால் ஆட்டம். இதுல உக்காருங்க.

— பொறுமையா? எங்கிட்டயா பொறுமையப் பத்திப் பேசறீங்க? எம்பொண்ணு மூணாங்கிளாஸ் படிக்கறப்ப அவ அப்பா பள்ளிக்கூடத்துக்குக் கெளம்பிப் போனாரு. சாயங்காலம் வரல. இன்னும் வரல. இப்ப அவ காலேஜுக்குப் போறா.

— தெரியும்மா.

— என்ன தெரியும்? இந்த ஸ்டேஷன் வாசல்ல நான் நின்ன நிப்புக்கு ஒரு மரம் நட்டிருந்தா நெழலாச்சும் மிஞ்சியிருக்கும். எத்தன இன்ஸ்பெக்டர் வந்தாச்சு, போயாச்சு. நீங்க புதுசா வந்தீங்க. யாரயாச்சும் பிடிச்சே ஆகணும்னு, எனக்குன்னு இருந்த ஒரே மனுஷனப் பிடிச்சு உள்ள போட்டுட்டீங்க. நல்லா இருக்கு உங்க நியாயம்.

— நானா ஆசப்பட்டுப் பிடிக்கலம்மா. அந்தக் கட்டடக் கான்ட்ராக்டர் வேற ஒரு அடிதடியில மாட்டினான். விசாரிக்கறப்ப அவனாத்தான் உளறினான். 'ஜியாக்ரஃபி வாத்தியார் என்ன ஆனாருன்னு ஸ்கூல் வேன் ஓட்டறவனக் கேளுங்க'ன்னு. ரெண்டு பேரையும் கைது பண்ணினேன். மறுநாளே வக்கீல் வந்துட்டான். 'நான் அப்படிச் சொல்லவே இல்ல'ன்னுட்டான்.

— அவன் பேச்சையா நம்பறீங்க? புதுசா கட்டின வகுப்புச் சுவத்துல வெடிப்பு விட்டிருக்கு, பிள்ளைங்க தலையில விழுந்துடும்னு எங்க வீட்டுக்காரர் மேலிடத்துல போய்ச் சொன்னாரு. அன்னையிலேர்ந்து அவனுக்கு இவர் மேல கறுவல். இது ஊருக்கே தெரியும். உள்ள வச்சிருந்தா அவனையில்ல வச்சிருக்கணும்?

— அவன் போன வாரமே வெளிய போயாச்சு. எங்கிட்ட என்ன இருக்கு சொல்லுங்க? ஆள் இல்ல, உடம்பு இல்ல, அவர் போட்டிருந்த செருப்பு ஒண்ணுகூட இல்ல. மிச்சம் இருந்தது உங்க வேன்காரர் ஒருத்தர்தான். அவரும் வாயத் திறக்கல. என்ன கேட்டாலும் 'ஆகட்டும் சார்'. 'அன்னைக்கு வாத்தியார வண்டியில ஏத்தினியா?' 'ஆகட்டும் சார்.' 'இது என்னய்யா பதில்?' 'ஆகட்டும் சார்.' எனக்கே பைத்தியம் பிடிச்சுடும் போல இருந்துச்சு.

— அது அவர் சுபாவம் ஐயா. நடுரோட்டுல மாடு படுத்திருந்தா ஹாரன் அடிக்க மாட்டாரு. 'ஆகட்டும், எந்திரிக்கறப்ப எந்திரிக்கட்டும்'னு வண்டிய நிறுத்திட்டு உக்காந்திருப்பாரு. பிள்ளைங்க 'ஆமை வண்டி'ன்னுதான் கூப்பிடும். அப்பேர்ப்பட்ட ஆளு மேல கொலக் கேசு.

— சரி, அத விடுங்க. இன்னைக்குக் காலைல கோர்ட்டுல நீங்க பேசினீங்க பாருங்க, அதோட என் கேஸு படுத்துடுச்சு. 'காணாமப் போனவரோட சம்சாரமே ஜாமீனுக்கு வந்து நிக்கறாங்க, நீங்க எதுக்குய்யா பிடிச்சு வச்சிருக்கீங்க'ன்னு ஜட்ஜு என்னைத்தான் கேட்டாரு. எனக்கு முகத்துல ஈயாடல.

— நின்னேன். இன்னமும் நிப்பேன். கூடப் பொறந்தவன்கூடப் பண்ண மாட்டான் ஐயா, அவர் எனக்குப் பண்ணினத.

— என்ன பண்ணினார்? கோர்ட்டுல சொன்ன மாதிரி பொதுவாச் சொல்லாதீங்க. நிதானமா, ஒண்ணொண்ணாச் சொல்லுங்க. எழுதறவர் வர வரைக்கும் நமக்கும் பொழுது போகணும். டீ குடிக்கிறீங்களா?

— குடுங்க. கேளுங்க, சொல்றேன். ஞாயித்துக்கிழமை ஆச்சுன்னா போதும். வண்டியக் கழுவி, சட்டையத் தேச்சுப் போட்டுக்கிட்டு, தலையப் படிய வாரிக்கிட்டு வாசல்ல வந்து நிப்பாரு. 'அண்ணி, இன்னைக்கு இந்தப் பக்கம் தேடிப் பாப்போம்'னு. ஒரு ஞாயிறு தவறினது கிடையாது. எனக்குக் காய்ச்சல் வந்து படுத்த அன்னைக்குக்கூட வந்து வாசல்லயே உக்காந்துட்டுப் போனாரு.

— கல்யாணம் ஆனவரா?

— இல்ல, ஒண்டிக்கட்ட. அம்மா இருந்தாங்க, போய்ச் சேந்துட்டாங்க. மத்த நாள்ல வேன் உண்டு, அவர் உண்டு. ஞாயிறானா நாங்க.

— எங்கெங்க போனீங்க?

— எங்கதான் போகல? பெரியாஸ்பத்திரி. அனாதைப் பொணம் வச்சிருக்கற ரூமுக்கு நான் உள்ள போக பயந்தா, அவர் போய்ப் பாத்துட்டு வந்து 'நம்ம சார் இல்ல அண்ணி'ம்பாரு. பஸ் ஸ்டாண்டு, ரயிலடி, புத்தி தடுமாறினவங்கள வச்சுப் பாக்கற இடம். ஒரு தடவ துணி மில் வாசல்ல அவர மாதிரியே ஒருத்தர். அதே நடை, அதே வழுக்க. நான் வண்டியிலேர்ந்து குதிச்சு ஓடினேன். பக்கத்துல போனா யாரோ. நான் ரோட்டுல உக்காந்து அழறேன், தம்பி எனக்குக் குடை பிடிச்சுக்கிட்டு நிக்கறாரு. நீங்க அவரப் போய்...

— எங்க போறதுன்னு முடிவு பண்றது யாரு?

— அவருதான். எனக்கு எந்த ஊரு எந்தப் பக்கம்னு தெரியாதே. அது எங்க வீட்டுல பெரிய கேலி. வாத்தியார் சம்சாரம், அதுவும் ஜியாக்ரஃபி வாத்தியார் சம்சாரம், கெழக்கு எது மேக்கு எதுன்னு கேட்டா முழிப்பா. 'அடுப்படியிலேர்ந்து வாசலுக்கு வர வழியாச்சும் தெரியுமா உனக்கு'ம்பாரு. நான் வீட்டுல துணி தைக்கறவ. ஒருநாள் துணி வெட்டற மேசையில, என் மார்க்கிங் சாக்பீஸ எடுத்து ஒரு கூட்டல் குறி போட்டாரு. 'இங்க பாரு, நம்ம ஊரு இவ்வளவுதான். வெளிய போக நாலே ரோடு. நாலையும் மனப்பாடம் பண்ணு. நான் இல்லாதப்ப நீ வழி தெரியாம நிக்கக் கூடாது'ன்னாரு.

— பண்ணினீங்களா?

— பண்ணாம விடுவாரா? தினம் ராத்திரி சோறு போடறப்ப ஒப்பிக்கணும். பாலத்து ரோடு, சந்தை ரோடு, ரயில்கேட்டு ரோடு, கல்குவாரி ரோடு. பாட்டு மாதிரி வரும். ஆனா எது எங்க இருக்குன்னு மட்டும் கேக்கக் கூடாது.

— பெரியாஸ்பத்திரிக்கு எந்த ரோட்டுல போனீங்க?

— பாலம் தாண்டித்தானே போகணும்? ஆத்தப் பாத்துக்கிட்டே போனது ஞாபகம் இருக்கு.

— ரயிலடிக்கு?

— கேட்டு வழியா. கேட்டுல நிக்கறப்ப வேர்க்கடல வாங்கிக் குடுப்பாரு.

— துணி மில்லு?

— அது சந்தையத் தாண்டி. இதெல்லாம் எதுக்குக் கேக்கறீங்க?

— கல்குவாரி ரோட்டுல எங்க போனீங்க?

— அது... அந்தப் பக்கம் போகல போல இருக்கு. அந்த ரோடு மோசம் ஐயா. குண்டும் குழியுமா கெடக்கு, டயரு தாங்காதுன்னு தம்பி சொல்வாரு.

— எப்ப சொன்னார்?

— எப்பவும் சொல்வாரு. போன மாசங்கூடச் சொன்னாரே. அந்த ரோட்டுக் கடைசியில ஒரு ஊரு. அங்க ஒரு கோடவுன்ல வயசான ஒருத்தர் மூட்டைக்குக் கணக்குப் பாக்கறாரு, பாடம் எடுக்கற மாதிரியே பேசறாருன்னு எங்கிட்ட துணி தைக்க வந்த பொண்ணு சொன்னா. உடனே போகணும்னு குதிச்சேன். ரயில்கேட்டு வழியாச் சுத்தி, நாலு ஊரு தாண்டி, அரை நாள் ஓட்டிக் கூட்டிட்டுப் போனாரு. அங்க இருந்தது வேற யாரோ. பாவம், இடுப்பு விட்டுப் போயிருக்கும்.

— அம்மா, அந்த ஊருக்கு கல்குவாரி ரோட்டுல போனா இந்த டீ ஆறறதுக்குள்ள போயிடலாம்.

— ரோடு மோசமாச்சே.

— நான் குடியிருக்கறது அந்த ரோட்டுலதான், முக்குல இடது பக்கம் திரும்பினா வந்துடும். தினம் அதுலதான் வரேன். நல்ல தார் ரோடு. போட்டு ரொம்ப வருஷமாச்சு.

— இல்லையே. தம்பி பொய் சொல்ல மாட்டாரே.

— அம்மா...

— இருங்க. பேசாதீங்க. கொஞ்சம் இருங்க. ஒரு ஞாயிறு நான்தான் கேட்டேன். 'தம்பி, நாலு ரோட்டுல மூணுதானே பாத்தோம்'னு. அன்னைக்குப் பாத்து வண்டி ரிப்பேர் ஆயிடுச்சு. அடுத்த வாரம் 'பாலத்துக்கு அந்தாண்ட யாரோ பாத்தாங்களாம் அண்ணி'ன்னு வந்து நின்னாரு. நானும் எல்லாத்தையும் மறந்துட்டு ஏறிட்டேன். ஐயா, நான் ரோட்டப் பாக்கவே இல்ல. ஜன்னல்ல மூஞ்சிய வச்சுக்கிட்டு ஆளத்தான் பாத்துட்டு வந்தேன். போற வர்ற ஒவ்வொரு ஆளையும். ரோட்ட அவருகிட்ட விட்டுட்டேன்.

— தண்ணி குடிங்க.

— அங்க என்ன இருக்கு?

— குவாரிங்கதான். தோண்டித் தீத்து விட்ட பள்ளங்க. மழத் தண்ணி நின்னு கெணறு மாதிரி ஆயிடுச்சு. ஒண்ணு ரெண்டு இல்ல, வரிசையாக் கெடக்கு. ஆழம் யாருக்கும் தெரியாது.

— அவர விடாதீங்க.

— என்னம்மா?

— உள்ளயே வைங்க. நான் கோர்ட்டுல சொன்னது தப்புன்னு எழுதிக்குங்க. எங்க வேணாலும் கையெழுத்துப் போடறேன்.

— காலைல போட்ட கையெழுத்த என்ன பண்ணறது? ஜாமீன் நீங்க. வாய்தாவுக்கு வாய்தா அவரக் கொண்டாந்து நிறுத்த வேண்டியது உங்க பொறுப்பு. ஜட்ஜுகிட்ட போய் நான் என்னன்னு சொல்ல? 'ஐயா, இந்த ஆளு ஒரு ரோட்டுல வண்டி ஓட்ட மாட்டேங்கறான்'னா? சிரிப்பாங்க. ஒருத்தன் ஒரு ரோட்டுல போகலங்கறது குத்தமாம்மா?

— அப்ப பள்ளத்துல எறங்கித் தேடுங்க. ஆள விட்டுத் தேடுங்க.

— எந்தப் பள்ளத்துல? எல்லாத்தையும் எறைக்க மேல கேட்டா, 'ஆதாரம் என்ன'ம்பாங்க. ஆதாரம் வேணும்னா எறைக்கணும். நான் என்ன பண்ணட்டும், நீங்களே சொல்லுங்க. எனக்கும் கையக் கட்டிப் போட்ட மாதிரிதான் இருக்கு.

— நீங்களும் இப்படிச் சொன்னா நான் யாருகிட்ட போவேன்?

— எழுதறவர் வந்துட்டார். ஒண்ணு பண்ணறேன். உங்கள ஜீப்புல வீட்டுல விடச் சொல்றேன். அந்த ஆளோட வண்டியில ஏற வேணாம்.

— இல்ல. ஏறறேன்.

— அம்மா, சொன்னாக் கேளுங்க.

— உங்ககிட்ட அவரு 'ஆகட்டும் சார்'ம்பாரு. எங்கிட்ட அப்படித் தப்பிக்க முடியாது. நீங்க பின்னாடி வாங்க, முன்னாடி வந்து நிக்காதீங்க. அவ்வளவுதான் நான் உங்ககிட்ட கேக்கறது.

— சரி. பின்னாடியே வரேன். போங்க, அதோ வந்துட்டாரு.

— அண்ணி.

— வாங்க தம்பி. ஒரு சுத்து எளச்சுட்டீங்க. ஏதாச்சும் சாப்பிட்டீங்களா?

— ஆச்சு அண்ணி. கோர்ட்டுல நீங்க எனக்காகப் பேசினீங்கன்னு சொன்னாங்க. எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல.

— ஒண்ணும் சொல்ல வேணாம். வண்டி அங்க நிக்குது, வாங்க.

*

— வெயில் அடிக்குது அண்ணி. ஜன்னல் திரைய இழுத்து விட்டுக்குங்க.

— வேணாம். இன்னைக்கு ரோட்டப் பாத்துட்டு வரேன்.

— ஆகட்டும். வீட்டுக்குத்தானே?

— இன்னைக்கு ஞாயிறு இல்லதான். இருந்தாலும் ஒரு இடத்துல தேடிட்டுப் போயிடலாம் தம்பி. நீங்க இல்லாம ஒரு வாரம் தவறிப்போச்சு.

— ஆகட்டும் அண்ணி! உள்ள இருந்தப்ப எனக்கு அது ஒண்ணுதான் கவல. அண்ணிய யாரு கூட்டிட்டுப் போவாங்கன்னு. பாலத்துக்கு அந்தாண்ட ஒரு முதியோர் இல்லம் புதுசாத் தொறந்திருக்காங்களாம். போயிட்டு, ஆத்தோரம் கொஞ்ச நேரம் நிறுத்திட்டு...

— தம்பி.

— சொல்லுங்க.

— இன்னைக்கு நான் வழி சொல்றேன். எனக்கும் கொஞ்சம் கத்துக் குடுத்திருக்காரு எங்க வீட்டுக்காரர். முக்குல இடது பக்கம் திரும்புங்க.

— இடது பக்கமா?

— ஆமா.

— அது கல்குவாரி ரோடு அண்ணி.

— தெரியும்.

— அது குண்டும் குழியுமா...

— தார் போட்டு ரொம்ப நாளாச்சாமே.

— யாரு சொன்னா?

— வண்டிய ஏன் நிறுத்திட்டீங்க? முன்னாடி மாடுகூட இல்லையே.

— பின்னாடி ஒரு ஜீப்பு வந்து நிக்குது அண்ணி.

— பின்னாடி திரும்பிப் பாக்காதீங்க, என்னப் பாருங்க. நான் உங்களத் திட்டல. நீங்கதான் பண்ணினீங்களா, வேற யாரும் பண்ணினாங்களா, கேக்கல. அதெல்லாம் அவங்க கேக்கட்டும். எனக்கு அவரு வேணும் தம்பி. எலும்பானாலும் பரவாயில்ல. எம்பொண்ணுகிட்ட 'இதான் உன் அப்பா'ன்னு ஒரு இடத்தக் காட்டணும். அந்த ரோட்டுல போங்க. ஒரே ஒரு தடவ, எப்பவும் சொல்றாப்ல 'ஆகட்டும் அண்ணி'ன்னு சொல்லுங்க.

— போனா நீங்க தேடறத நிறுத்திடுவீங்களே அண்ணி. அப்புறம் ஞாயித்துக்கிழமையில நான் உங்கள எங்க கூட்டிட்டுப் போவேன்?