சக்கரத்தின் மேல் ஏற்றிய சூடம்

ஆயுத பூஜைக்குக் கடலை அவிப்பது எங்கள் தொழிற்சாலையில் எப்போதும் என் வேலைதான், ஐயா. என் கைக்கு உப்பு சரியாக விழும் என்பார்கள்.

இங்கே மலேசியாவில், ரவாங்கில் நாங்கள் செய்வது மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் சுழல்சக்கரம். கார்பன் இழையைப் பசையில் தோய்த்து, சுற்றுச் சுற்றாகச் சுற்றி, சூடேற்றி இறுக்குவோம். கரண்டு போனால், அது சுழலும் வேகமே கொஞ்ச நேரத்துக்குக் கரண்டாகத் திரும்பி வரும். இதில் ஒரு தொல்லை என்னவென்றால், மேலே பளபளவென்று இருக்கும், உள்ளே அடுக்கு விட்டுப்போயிருக்கும். கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

போன பூஜைக்கு எல்லா மெஷினுக்கும் பொட்டு வைத்தோம். சூடத் தட்டில் யாரோ கடலையைக் கொட்டிவிட்டார்கள். நல்ல நேரம் போகிறதே என்று, அனுப்பத் தயாராக இருந்த சக்கரத்தின் மேலேயே சூடத்தை வைத்து ஏற்றினேன். அணைந்ததும் துடைத்தேன். கறுப்பில் கறுப்பு தெரியவில்லை. விரலால் தட்டினால் மட்டும் அந்த இடத்தில் சத்தம் மழுங்கிக் கேட்டது.

மேலிடத்தில் சொல்லியிருக்கலாம். சொன்னால் மேனேஜர் பூஜையையே நிறுத்திவிடுவார். வருடம் முழுக்க அந்த ஒரு நாளுக்காகக் காத்திருக்கும் ஜனங்களை நான் எந்த முகத்தோடு பார்ப்பது? அனுப்பும் முன் சக்கரத்தைப் பரிசோதிப்பதும் என் வேலைதான்; பரிசோதித்தாயிற்று என்று கையெழுத்துப் போட்டேன். எனக்கு வேறு வழி இருந்ததா, நீங்களே சொல்லுங்கள்.

சக்கரம் பாசிர் பெனம்பாங் என்ற மீனவ ஊரில் மீனுக்கு ஐஸ் செய்யும் ஓர் ஆலைக்குப் போனது. பொருத்தப் போனவன் குகன், என் அக்கா மகன். அவனை வேலைக்குச் சேர்த்துவிட்டதும் நான்தான். ஓட்டிப் பார்க்கும்போது போன் செய்தான்.

"மாமா, வேகம் ஏற ஏற ஒரு மாதிரி அதிருது. நிறுத்திப் பிரிச்சுப் பாக்கட்டுமா?"

பிரித்தால் கருகின இடம் தெரிந்துவிடும். குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டேன்.

"புதுசுன்னா அப்படித்தான்லா. ஓட ஓடச் சரியாயிடும். நீ பக்கத்துலயே நின்னு பாத்துக்க."

தள்ளி நில் என்று சொன்னால் ஏன் என்று கேட்பான். அதனால்தான் அப்படிச் சொன்னேன்.

"சரி மாமா" என்றான்.

சக்கரம் சிதறி, இரும்பு மூடியைப் பிய்த்துக்கொண்டு வெளியே வந்தது. சவப்பெட்டியைத் திறக்காமலேயே அவனை எடுத்தார்கள்.

சாவு வீட்டில் அவன் மனைவி நித்தியா என் கையை விடவே இல்லை.

"மாமா, கடைசியா உங்ககிட்டதானே பேசுனாரு. என்ன சொன்னாரு?"

"சாப்பிட்டீங்களான்னு கேட்டாம்மா."

அந்தப் பிள்ளையின் மனம் நோகக் கூடாது என்றுதான் அப்படிச் சொன்னேன், ஐயா. வேறெதற்கும் இல்லை.