தொட்டில் கேமராவுக்கு ஒத்த பிட்டு

…வீக் சிக்னல், வீக் சிக்னல்! இதச் சொல்லத்தான் பாண்டியிலேர்ந்து ஏணியோட வந்தீங்களா சுரேஷண்ணா? ரொம்ப உபகாரம். நெட் கம்பெனிக்காரங்கன்னா சும்மாவா!

நான் இங்க முன்னாடி கடையில. எம்புள்ள ஃபாரிஸ் பின்ரூம் தொட்டில்ல. போன மாசம் காய்ச்சல்ல புள்ளைக்கு ஃபிட்ஸ் வந்துச்சே… அதுலேர்ந்து தொட்டிலுக்கு மேல கேமரா. போன்ல அவன பாத்துனேதான் வியாபாரம். அந்தப் படமும் இப்ப திடீர் திடீர்னு கருப்பாயிடுது! சோப்பு கேட்டவங்கள அப்படியே நிக்கவெச்சுட்டு ஓடறேன். போனா தொரை ஜம்முனு தூங்கறாரு. இந்த ஷாகிராவுக்குப் பைத்தியம்னு கூனிமேடு ஊரே பேசுது. சந்தோஷம்!

டீ ஆறுது, குடிங்க. மாடுலேஷன்னா, அதான் அலைமேல சேதிய ஏத்தி அனுப்பற வித்தை, என்னன்னு உங்க ஆபீஸ்ல யாருக்காவது தெரியுமாண்ணா? எங்க கான்வென்ட் சிஸ்டர் முட்டிமேல தட்டித் தட்டி சொல்லிக் குடுத்தாங்க. கிட்ட இருந்தா ரவுட்டர் வேகமா பேசும். அதுக்குப் பேரு அறுபத்துநாலு க்யூஏஎம்… ஒரு மூச்சுல ஆறு பிட்டு, ஆறு துளி சேதி. தூரமானா, செவுரு குறுக்க வந்தா, மூச்சுக்கு ஒத்த பிட்டு. உப்பளத்துல பாத்ததில்ல? பக்கத்துப் பாத்தின்னா ஊர்க்கதையே ஓடும். கடைசிப் பாத்தியில நிக்கறவள கூப்புடணும்னா கையத் தூக்கி ‘வா’… அவ்ளோதான். அந்தக் காத்துல ஊர்க்கதைய கத்துனா அவளுக்கு ஒண்ணும் கேக்காது, திரும்பிப் போயிடுவா.

எங்க ரவுட்டர் இருக்கே, மகா சோம்பேறி! எங்க வீட்டுக்காரரு துபாய்லேர்ந்து அனுப்புனது. பின்ரூமுக்கு மட்டும் ஒத்த பிட்டாவே பேசிக்கினு இருந்துச்சு. படம் புள்ளி புள்ளியா வந்துச்சு. இவ்ளோ வெல குடுத்து வாங்குனதுக்கு ஒத்த பிட்டான்னு கோவம் வந்து, செட்டிங்ஸ்ல, தூரத்துக்குத் தக்க அதுவா வேகத்த மாத்திக்கற ஆட்டோவ தூக்கிட்டு, ஆறு பிட்டு உச்சத்துலயே நிக்கவெச்சுட்டேன். நாங்கல்லாம் படிச்சவங்க! அன்னிலேர்ந்துதான் இந்தக் கருப்பு…

…அன்னிலேர்ந்துதான்.

யா அல்லாஹ்!

என்னண்ணா பாக்கறீங்க? நடுவுல மூணு செவுரு, மூணும் உப்பு ஊறிக்கெடக்குது… அதத் தாண்டி ஆறு பிட்டா கத்தச் சொல்லியிருக்கேன். கேமராவுக்கு எப்படிக் கேக்கும்?

சிரிங்க, சிரிங்க. ஆனா போயிடாதீங்க, ஒரு நிமிஷம். இதோ, ஆட்டோ. சேவ்.

வருது… வருதுண்ணா! மங்கலாத்தான் இருக்கு, இருந்துட்டுப் போவட்டும். இங்க பாருங்க, இந்த மூலையில… புள்ள வயிறு ஏறி எறங்குதுல்ல? எனக்குத்தான் அப்படித் தெரியுதா… உங்களுக்கும் தெரியுதுல்ல?