எங்க வூட்ல இன்னும் தடை முடியல

காசிமேட்டிலிருந்து வண்ணாரப்பேட்டை போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் மீன் விற்கும் பெண்கள் இரண்டு பேர். மூத்தவள் புடவை எடுக்கப் போகிறாள். இளையவள் துணைக்கு வந்திருக்கிறாள்.

"நீயும் ஒண்ணு எடுமே."

"எங்க வூட்ல இன்னும் மீன்பிடித் தடை முடியலக்கா."

"இன்னாமே உளர்ற? தடை முடிஞ்சு போட்டெல்லாம் கடலுக்குப் போக ஆரம்பிச்சே மாசமாச்சு."

"தடை நாள்ல வருமானம் இல்லாம எப்டி செலவ அடக்கி ஒடுக்கி இருந்தோம்? அதையே இழுத்துக்கினு போறேன். பிரியாணி கெடையாது, கடை டீ கெடையாது, புதுத்துணி கெடையாது. தடைன்னா எங்க வூட்டுக்காரரும் வாயத் தொறக்கறதில்ல."

"உனக்கு ஆசையே வராதா?"

"தெனம் வருது. குஞ்சு மீனு வளரட்டும்னுதானே தடை போடறாங்க? எங்க வூட்லயும் ஒரு குஞ்சு கீது. பொண்ணு நர்சிங் படிக்குது. பீசு கட்டலன்னா பாதில நின்னுடும். அத்த நெனச்சா ஆசை ஓடிப்பூடும்."

இளையவளின் முகத்தைப் பார்க்க வேண்டும்போல் இருந்தது. கூச்சத்தில் எட்டிப் பார்க்கவில்லை.

வண்ணாரப்பேட்டை வந்தது. மூத்தவள் எழுந்து அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

"தடை பெரிய போட்டுக்குத்தான்மே, கட்டுமரத்துக்கு இல்ல. வா, ஒரு டீ நான் வாங்கித் தரேன்."