இடப்பக்கத்தையும் எடுங்கள்

ஆலைகள் ஓய்ந்த அந்திப்பொழுதில் இந்த அவைக்கு அழகு சேர்க்கும் தலைவர் நாகேந்திரன் அவர்களே! பழைய வண்டிகளுக்குப் புதிய வாசல் தேடித்தரும் வாகன விற்பனையாளர் சங்கத்து அன்பர்களே! அனுபவத்தால் நரைத்த பெரியோர்களே! ஞாயிற்றுக்கிழமைச் சமையலைச் சீக்கிரம் முடித்துவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே! இணையத்தில் விற்பனைக்கு வரும் கார்களைப் படம் எடுத்துப் பிழைக்கும் இந்த ரேணுகாவின் வணக்கம்.

நல்ல படம் எப்படி எடுப்பது என்று பேசச் சொன்னார்கள். நான் ஒரு மனிதரைப் பற்றிப் பேசப் போகிறேன். என்ன அண்ணே, பின்வரிசையில் சிரிப்பு? படமும் வரும், பொறுங்கள்!

ஆவடியில் பீரங்கி வண்டிகள் செய்யும் தொழிற்சாலையில் முப்பத்திரண்டு ஆண்டுகள் உழைத்து ஓய்வு பெற்றவர் கலியமூர்த்தி. கண்ணில் அழுத்தம் கூடி, பக்கவாட்டுப் பார்வை மெல்ல மெல்ல மங்கிக்கொண்டே வந்தது. இனி கார் ஓட்டக்கூடாது என்றார் மருத்துவர். விற்கிறேன் என்று அவரும் ஒப்புக்கொண்டார்; தானே படம் எடுத்தும் போட்டார். எப்படிப்பட்ட படம் தெரியுமா? உச்சிவெயிலில் எடுத்த படம்! கொடியில் காயும் போர்வைக்குப் பின்னே பாதிக் கார் தெரிந்த படம்! ஒரு மாதமாக ஓர் அழைப்பும் இல்லை. அவருக்கோ உள்ளூர ஆனந்தம். அன்றாடம் ஓட்டிக்கொண்டே இருந்தார்.

அவர் மனைவி கண்ணம்மா என்னைத் தேடி வந்தார். "அவருக்கு விக்க மனசில்லம்மா. நீ வந்து எடும்மா" என்றார்.

விடியலில் அண்ணனூர் நிலையத்துக்கு அருகே ஒரு வெற்றுத் திடலுக்கு அந்தக் காரை ஓட்டிச் சென்றேன். அவர்கள் இருவரும் உடன் வந்தார்கள். அந்த ஒளியை என்னென்பேன்! பாலில் மஞ்சள் கலந்ததுபோல் ஒளி. பனியில் பாதி கரைந்ததுபோல் பனைகள். கனவுக்குள் நகர்வதுபோல் தூரத்தில் ஒரு மின்ரயில். கழுவித் துடைத்த வெள்ளிநிறக் கார் அங்கே தரையில் இறங்கிய மேகமாய் நின்றது. கதிரவன் என் முதுகுக்குப் பின்னே இருக்க, கைப்பேசியைக் காரின் முகப்பு விளக்கு உயரத்தில் பிடித்து, மண்டியிட்டு எடுத்தேன். முன்பக்கம் எடுத்தேன், பின்பக்கம் எடுத்தேன், வலப்பக்கம் எடுத்தேன். இடப்பக்கம் வந்தேன். என் கை நின்றது.

கதவு நெடுகக் கீறல்கள்! சாய்ந்து விழுந்த காலை ஒளியில் ஒவ்வொன்றும் ஒரு வெள்ளிக் கோடாய் மின்னியது.

படத்தைப் பெரிதாக்கிக் கலியமூர்த்தியிடம் காட்டினேன். அவர் முகம் வாடியது.

"இது எப்போ?" என்று மனைவியைக் கேட்டார்.

"போன தீபாவளிக்கு. கேட்டுல உரசுச்சு."

"இது?"

"மார்க்கெட்ல. தள்ளுவண்டி."

"எனக்குத் தெரியவே இல்லையே! ஏன்டி சொல்லல?"

"சொன்னா ஓட்டறத விட்டுடுவீங்க. அப்புறம் வீட்டுல சும்மா உக்காந்து எதையோ வெறிச்சுக்கிட்டே இருப்பீங்க. அதை என்னால பாக்க முடியாதுங்க. டாக்டர் சொன்னப்புறம்தான் பயந்துபோயி இந்தப் பொண்ணத் தேடிப் போனேன்."

அவர் அந்தக் கதவைத் தடவினார். வெகுநேரம் தடவினார். "அத்தனையும் நீ உக்கார்ற பக்கம், கண்ணம்மா" என்றார்.

அன்பர்களே, விரலால் ஒருமுறை தொட்டால் கீறலை அழித்துவிடும் வித்தை என் கைப்பேசியில் இருக்கிறது. அழிக்கவா என்று கேட்டேன். "வேணாம்மா. முதல்ல அந்தப் படத்தைப் போடு" என்றார். வீட்டுக்கு நான்தான் ஓட்டினேன். அன்றைக்குப் பிறகு அவர் அந்தச் சாவியைத் தொடவே இல்லை.

மூன்றாம் நாள் வந்தாள் விஜி. இங்கே அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வேலை பார்ப்பவள். கார் ஓட்டப் புதிதாகக் கற்றவள். கீறலைப் பார்த்தாயா என்று கேட்டேன்.

"அத்தப் பாத்துட்டுத்தான்க்கா வந்தேன்! இத்தையே மறைக்கலன்னா வேற இன்னாத்த மறைக்கப் போறாங்க? பளபளன்னு கீற வண்டின்னா எனக்குக் கையே ஓடாது. இது எனக்குத் தோதா கீது."

வாங்கிவிட்டாள்! ஆம், கைதட்டுங்கள், அவளுக்காகத் தட்டுங்கள்!

சாவியை வாங்கியவள் கலியமூர்த்தியைப் பார்த்து, "ஒரு ரவுண்டு போலாம், ஏறு நைனா" என்றாள். அவர் இடப்பக்க இருக்கையில் அமர்ந்தார். நானும் கண்ணம்மாவும் பின்னால். பருத்திப்பட்டு ஏரிக்கரையில் வண்டி மெதுவாய்ப் போனது. இருபது ஆண்டுகள் அந்தச் சாலையில் ஓட்டியவர். சாலையை மட்டுமே பார்த்து ஓட்டியவர். அன்று முகத்தை முழுதாய்த் திருப்பினார். மாலை வெளிச்சத்தில் ஏரி விரிந்தது, விரிந்துகொண்டே போனது.

"கண்ணம்மா! இந்தத் தண்ணி இவ்ளோ தூரம் போகுதா?"

"போகுதுங்க. நான் தினம் பாத்துட்டுத்தானே வந்தேன்."

"எறங்கிப் பாக்கிறியா நைனா?" என்றாள் விஜி.

"வேணாம்மா. நீ ஓட்டு, மெதுவா ஓட்டு" என்றார். கரை முடிகிறவரை அவர் ஏரியிலிருந்து முகத்தைத் திருப்பவே இல்லை.

என் அருமைத் தோழர்களே! வண்டியைக் கழுவுங்கள். விடியலுக்குக் காத்திருங்கள். கொடித்துணியை விலக்குங்கள். நான்கு பக்கமும் நடந்து வாருங்கள். எந்தப் பக்கத்தைக் காட்டக் கூசுகிறதோ, அந்தப் பக்கத்தில் ஒரு நிமிடம் கூடுதலாய் நில்லுங்கள்; அதையும் எடுங்கள்! அங்கே யாரோ ஒருவர் ஒன்றும் சொல்லாமல் உங்களோடு பயணம் செய்திருக்கக்கூடும்.

காதுகொடுத்த உங்கள் கனிவுக்கு நன்றி. பேச அழைத்த சங்கத்துக்கு நன்றி. பத்திரமாய் வீடு போய்ச் சேருங்கள். வணக்கம்!