மூணு மணி வகுப்பு

— கதவைச் சாத்தாதீங்க எஸ்தர் மேடம். நான் இன்னும் முடிக்கல.

— சீக்கிரம் முடிங்க அய்யாதுரை சார். ஓவன்ல பிரெட் வேகுது. கருகினா அதுக்கும் ஃபிளாட் அசோசியேஷன்ல தீர்மானம் போடுவீங்க.

— கிண்டல் வேணாம். செக்ரட்டரியா வந்திருக்கேன். ஞாயித்துக்கிழமைக்குள்ள அந்தப் பியானோ இங்கேயிருந்து போகணும். இல்லேன்னா உங்க ஓனர்கிட்ட பேசுவோம்.

— கிறிஸ்மஸுக்கு என் ப்ளம் கேக்கை முண்டியடிச்சு வாங்கினது இதே அசோசியேஷன்தானே?

— கேக்கை யாரு குறை சொன்னா? அதோட நிறுத்திக்குங்க. பாயிண்ட்டுக்கு வர்றேன். சாயந்திரம் வர்ற பிள்ளைங்களைக்கூடப் பொறுத்துக்கலாம். மூணு மணிக்கு ஒண்ணு வருதே...

— மெல்லப் பேசுங்க. உள்ளதான் இருக்காங்க.

— கேக்கட்டுமே! மாசக்கணக்கா அதே நாலு கட்டையைத் தட்டிக்கிட்டு. தகர டப்பாவை மாடிப்படியில உருட்டின மாதிரி. இதுக்கு ஃபீஸ் வேற!

— ஃபீஸ் கிடையாது. வந்ததும் எனக்கு பிரெட் மாவு பிசைஞ்சு தரணும். விரல் இளகும். அப்புறம்தான் பியானோவைத் தொட விடுவேன்.

— நல்ல கூத்து! எந்த வீட்டுப் பிள்ளை அது? பெத்தவங்ககிட்ட நானே சொல்றேன்.

— பிள்ளை இல்ல சார். ஐம்பதை நெருங்குற ஒரு அம்மா. வீட்டுல சிரிப்பாங்கன்னு பேரை வெளிய சொல்ல வேணாம்னு கேட்டிருக்காங்க.

— சிரிக்காம? ஐம்பது வயசுல பியானோவாம்! அந்த வீட்டுல கண்ணாடியே இல்லையா?

— உங்க காதுக்கு லிஃப்ட் மணியே கச்சேரி. உங்ககிட்ட என்ன பேச?

— சரி, கடைசியா சொல்றேன். அந்த அம்மாவை மட்டும் அனுப்பிடுங்க. மத்த வகுப்பு நடக்கட்டும், கமிட்டியை நான் பார்த்துக்கறேன்.

— மாட்டேன்.

— உங்க பொழைப்பே போகும்.

— போகட்டும். மத்ததெல்லாம் பரீட்சை மார்க்குக்காக வாசிக்குதுங்க. தப்பு வந்தா வெக்கப்பட்டு, திரும்ப முதல்லேர்ந்து வாசிக்கிறது இவங்க ஒருத்தர்தான்.

— அப்போ ஞாயித்துக்கிழமை லாரி வரும். எனக்காக மட்டும் சொல்லல மேடம். என் வைஃப் ஷண்முகப்ரியாவுக்கு இந்தச் சத்தமே ஆகாது. மூணு மணி ஆச்சுன்னா கபாலி கோயிலுக்குக் கிளம்பிடறா. தினமும்!

— நீங்க ஏன் எழுந்து வந்தீங்க? உள்ள போங்கம்மா, நான் பேசிக்கறேன்.

— இருக்கட்டும் மிஸ். மயிலாப்பூர்லயே பொறந்து வளர்ந்தவரு. மூணு மணிக்குக் கபாலி கோயில் நடை சாத்தியிருக்கும்னு இவருக்கு ஒரு நாள்கூடத் தோணல, பாருங்க.